ஞாயிறுகளில் பல் பார்ப்பதில்லை

பிரேசர் டவுனில், பேக்கரிக்கு மேலே முதல் மாடியில்
ஸ்பூர்த்தியின் அக்கா நடத்தும் பல் ஆஸ்பத்திரி.
ஞாயிறு விடுமுறை என்று பலகை சொல்லும்.
'பலகையை நம்பாதீர்கள், ஷட்டரைத் தட்டுங்கள்'
என்றுதான் எனக்கு வந்தது முதல் செய்தி.

மாரிகுப்பத்தில் வண்டி ஏறி
கன்டோன்மென்ட்டில் இறங்கி நடந்து போனேன்.
தட்டுவதற்கு முன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.
தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று
ஊருக்கெல்லாம் சொல்கிற வேலை எனக்கு.

உள்ளே ஒன்பது பெண்கள்.
பல் பிடுங்கும் நாற்காலியில் ஒருத்தி சாய்ந்திருந்தாள்,
மடிக்கணினி வயிற்றின் மேல்.
இடுக்கி வைக்கும் தட்டில் காங்கிரஸ் கடலை.
சுவரில் கடைவாய்ப் பல்லின் குறுக்குவெட்டுப் படம்.
சொத்தையை நோக்கி யாரோ பென்சிலில் அம்பு வரைந்து
'இங்கேதான் நுழைவார்கள்' என்று
கன்னடத்தில் எழுதியிருந்தார்கள்.

ஸ்பூர்த்தி என்னைவிட ஏழு வயது சின்னவள்.
வழிகாட்டி என்றால் முகம் சுளிப்பாள்.
முதல் நாள் அவள் எனக்குக் காட்டியது
தன் பிழைகளின் பட்டியலை:
சேர்ந்த மூன்றாம் வாரம் ஒரு விதியைத் தப்பாக எழுதி
ஒரு வங்கியின் ஏடிஎம்கள் அத்தனையையும்
பதினோரு நிமிடம் ஊமையாக்கியது,
மாடிப்படியில் உட்கார்ந்து அழுதது,
முகம் கழுவாமலே திரும்பி வந்து
அந்த விதியைத் தானே திருத்தியது.
"இனி நீ சொல்லு," என்றாள்.

சொன்னேன்.
நேர்காணலில் பக்கத்து நாற்காலிப் பையனிடம்
போர்ட் எண்களைக் கேட்டார்கள்.
என்னிடம், ராத்திரி வேலைக்கு
வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்று.
பதினெட்டுத் திரைகள் எரியும் அறையில் ஒரே பெண் நான்.
பெண்கள் கழிவறை இரண்டு மாடி கீழே,
என் அட்டைக்கு அந்தக் கதவு திறக்காது.
நாற்பது கம்பெனிகளின் வாசலைக் காக்கிறவள்
ராத்திரி ஒரு மணிக்குக்
காவலாளியை எழுப்பிச் சாவி கேட்கிறேன்.

யாரும் ஐயோ என்று சொல்லவில்லை.
ஜெசிந்தா மட்டும் கேட்டாள், "டிக்கெட் போட்டியா?"
எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், மூன்று மணி இருக்கும்.
ஒரு மருந்துக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக் கணினி
யாரிடமோ எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.
ஷிஃப்ட் லீட் எட்டிப் பார்த்தார்.
"பொய் அலாரம். மூடிடு."
மூடும் பொத்தான் மேல் என் விரல்.
வாடிக்கையாளர் பெயரை வெளியே சொல்லக் கூடாது,
எண்களையும்.
அதனால் எங்கள் குழுவில் இப்படிக் கேட்டேன்:
'ஒரு குழாய் சொட்டுகிறது.
சொட்டுக்குச் சொட்டு சரியாக அறுபது விநாடி.
பிளம்பர் ஒன்றுமில்லை என்கிறார்.'

மூன்று பேர் விழித்திருந்தார்கள்.
தொய்பி அவளுடைய ஷிஃப்டில்.
'மூடாதே' என்று ஒற்றைச் சொல்.
ஜெசிந்தா குழந்தைக்குப் பால் கொடுத்தபடி
ஒரு கையால், பிழைகளோடு:
'மனுசங்க இவ்ளோ கரெக்டா மணி பாக்க மாட்டங்க.'
ஸ்பூர்த்தி பதில் சொல்லவில்லை, கேட்டாள்:
'உனக்கு என்ன தோணுது?'

ஆறு மாதத்தில்
அந்தக் கேள்வியை அந்த அறையில்
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
மூடவில்லை.
மேலே அனுப்பினேன், என் பெயர் போட்டு.

விடிந்தபின் உண்மைதான் என்றார்கள்.
அறிக்கையில் 'குழு கண்டறிந்தது' என்றிருந்தது.
சரி.
எந்தக் குழு என்று எனக்குத் தெரியும்.

கிளம்புமுன் ஒரு டிக்கெட் போட்டேன்.
பொருள்: நான்காம் மாடிக் கதவு.
பாதிக்கப்பட்டோர்: ஒருவர்.
யோசித்து, அழித்துவிட்டு எழுதினேன்,
இனி வருகிறவர்கள் எல்லோரும்.
தீவிரம்: அதிகம்.

இருபத்திரண்டு நாளாகிறது.
டிக்கெட் திறந்திருக்கிறது, கதவு இல்லை.
தினம் ஒரு குறிப்பு சேர்க்கிறேன்.
நேற்று ராத்திரி பைரப்பா
சாவியை மேசை மேலேயே வைத்துவிட்டுத்
தூங்கப் போயிருந்தார்.
விதிமீறல்தான்.
அதை மட்டும் நான் எழுதவில்லை.